விருந்து போட்ட கை

அத்தியாயம் பதினொன்று

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. வெர்லீன் காஸ்கின்ஸின் சமையலறையில் கோழி ஊறவில்லை.

நெபோ மலை சபையில் முதல் ஞாயிறு என்றால் திருவிருந்து ஆராதனை. அது முடிந்ததும் கீழ்த்தள உணவுக்கூடத்தில் மதியச் சாப்பாடு. மதியச் சாப்பாடு என்றால் வெர்லீனின் பொரித்த கோழி. சனிக்கிழமை சாயங்காலமே துண்டுகள் மோரில் இறங்கிவிடும். இந்தக் கோழிக்காகவே மேக்கன் ஊரில் வேறு சபையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள் உண்டு என்று போதகரே மேடையில் கேலி செய்திருக்கிறார்.

இன்றைக்கு மோர் அப்படியே குளிர்பெட்டியில் கிடந்தது. வெர்லீன் திருவிருந்துக்கான வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு மேசைமுன் சும்மா உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்தே அவளுக்குச் சமையலில் கை போகவில்லை.

அன்றைக்கு அட்லாண்டா மருத்துவமனையின் முகப்பில் அந்தப் பெண் எத்தனை மரியாதையாகக் காப்பீட்டு அட்டையைத் திருப்பி நீட்டினாள்! "இந்தத் திட்டத்தை எங்க டாக்டர் எடுத்துக்கறதில்லைம்மா." ஆர்னெட்டா அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "சரிம்மா, உன் மேல என்ன தப்பு" என்றாள். ஆர்னெட்டா, வெர்லீனின் நாத்தனார். மறைந்த கணவரின் ஒரே தங்கை. அவளுடைய இதய வால்வு தேய்ந்துபோயிருக்கிறது. வசந்தத்துக்கு முன்னால் மாற்றியாக வேண்டும் என்று சொன்ன டாக்டர், பல வருடங்களாக அவளைப் பார்த்துவருபவர். அவர் பெயர்தான் புதுத் திட்டத்தின் பட்டியலில் இல்லை.

அந்தத் திட்டத்தை ஆர்னெட்டாவின் தலையில் கட்டியவன் வெர்லீனின் மகன், காப்பீட்டு முகவர் டெக்ஸ்டர். கட்டிய இடம் சபையின் உணவுக்கூடம். ஆள் சேர்த்தது வெர்லீனின் கோழி.

போன வருடம் வரை சபையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். முதியவர்களுக்கு அரசாங்கம் தரும் மெடிகேர் காப்பீடு, அதற்கு மேல் மாதாமாதம் பணம் கட்டும் ஒரு துணைப் பாலிசி. எந்த ஊரில் எந்த டாக்டரிடமும் போகலாம். டெக்ஸ்டர் கொண்டுவந்த புதுத் திட்டத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை. பல்லுக்கு உண்டு, கண்ணாடிக்கு உண்டு, மளிகை வாங்க ஒரு அட்டைகூட உண்டு. பல்லுக்கு இவ்வளவு பரிவு காட்டும் திட்டம் இதயத்துக்கு என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. வாயில் கோழி இருந்தது.

பின்கதவு திறந்தது. டெக்ஸ்டர் வந்தான். நாற்பது தாண்டிய ஆள், கழுத்தில் நல்ல டை.

"என்னம்மா, வாசனையே காணோம்? உடம்பு சரியில்லையா?"

"உக்காரு."

"நேரமாகுதும்மா..."

"உக்காருன்னேன்."

உட்கார்ந்தான். காபியை ஊற்றிக் கலக்கினான். அதில் சர்க்கரையே போடவில்லை.

"அத்தை பழைய பாலிசிக்கே திரும்பிப் போக வழி இருக்கா, இல்லையா?"

கரண்டி சுற்றிக்கொண்டே இருந்தது.

"இருக்கு" என்றான் கடைசியில்.

வெர்லீனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எப்பலேருந்து இருக்கு?"

"முதல்லேருந்தே இருக்கு. முதல் தடவையா இதுக்கு மாறினவங்களுக்கு ஒரு வருஷம் அவகாசம். பிடிக்கலேன்னா விட்ட பாலிசிக்கே திரும்பிடலாம். உடம்புல என்ன நோய்னு கேக்காம அவங்க எடுத்துக்கணும். சட்டமே அப்படித்தான்."

"வருஷம் எப்ப முடியுது?"

"இந்த மாசக் கடைசியில."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் நோய் நொடியெல்லாம் விசாரிப்பாங்க. வால்வுன்னு சொன்னாலே வேண்டாம்னுடுவாங்க."

"இதை எத்தனை பேர்கிட்ட சொன்னே?"

ஜன்னலைப் பார்த்தான். சின்ன வயதில் பந்தால் எதையாவது உடைத்துவிட்டு இதே ஜன்னலைத்தான் பார்ப்பான்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. அத்தைக்கு நாளைக்கே நானே மாத்தித் தந்துடறேன். சத்தமில்லாம. மத்தவங்ககிட்ட நீ வாயைத் திறக்காதே."

"நம்ம சபை டீக்கன் ஹோசேயாவுக்கு கிட்னில பிரச்சனைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஒரே சபைலேருந்து ஒட்டுமொத்தமா விலகினா ஏன்னு தோண்டுவாங்கம்மா! அன்னிக்குச் சாப்பாடு போட்டது வெளியில வரும். விக்கற இடத்துல காபி, பிஸ்கட்டுக்கு மேல ஒரு பருக்கை போடக்கூடாதுன்னு விதி. லைசென்ஸ் போயிடும். கார் வியாபாரம் படுத்தப்ப நான் எப்படிக் கிடந்தேன்னு நீதானே பாத்தே? மறுபடி அந்தக் குழியிலேயே தள்ளப் போறியா?"

"சாப்பாடு நீ போடலியே. நான்தானே போட்டேன்."

"அந்த யோசனை யாரோடதும்மா?"

அவளுடையதுதான். 'நீ போடக்கூடாதுன்னா போடாதே. என் சபைக்கு நான் சமைச்சா எவன் கேக்கறது?' என்று இதே மேசையில் அடித்துச் சொன்னது அவள்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. 'வெர்லீன் மகனா? இன்னும் அம்மா சமையல்தானா?' என்று சிரித்தவர்கள் நடுவில் அவன் டை கட்டி நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை.

"இன்னொண்ணு" என்றான் டெக்ஸ்டர், எழுந்து. "ஆராதனை நேரலையில போகுது. என் மேனேஜரோட மாமியார் முதியோர் இல்லத்துல உக்காந்து வாராவாரம் பாக்குது. ஞாபகம் வெச்சுக்கோ."

அவன் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. இவ்வளவும் பேசினார்களே, பேசாத ஒன்று பாக்கி இருந்தது. இருவருக்குமே அது தெரியும்.

போன வருடம் அந்த விருந்துக்கு மாவு பிசறிக்கொண்டிருந்தபோது அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். "எல்லாருக்கும் எழுதப் போறே, எனக்கும் ஒண்ணு எழுதிடேன்டா." அவன் காகிதங்களிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். "உனக்கு வேண்டாம்மா. தபால் ஆபீஸ் பென்ஷனோட வர்ற காப்பீட்டை மட்டும் நீ விட்டுடாதே. விட்டா திரும்பக் கிடைக்காது."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று தெரிந்திருந்தது. ஒரு துண்டைத் தூக்கி மாவில் புரட்டினாள். அடுத்த துண்டையும் புரட்டினாள்.

*

ஆர்னெட்டா வாசலிலேயே தயாராக நின்றாள். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை, கையில் தடி. காரில் ஏறி உட்காருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. வாங்குவது தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தாள்.

"கார்ல கோழி வாசனையே இல்லையே அண்ணி. டிக்கில வெச்சிருக்கீங்களா?"

"இன்னிக்குப் பண்ணல."

"அட! இன்னிக்கு சபையில கலகம்தான்."

சிவப்பு விளக்கில் கார் நின்றபோது வெர்லீன் சொல்லிவிட்டாள். "டெக்ஸ்டர் உனக்குப் பழைய பாலிசியே மாத்தித் தரேங்கறான். நாளைக்கே."

ஆர்னெட்டா மெதுவாகத் திரும்பினாள். அவள் முகம் மலர்ந்த விதத்தை வெர்லீனால் பார்க்க முடியவில்லை.

"நிஜமாவா? அப்ப என் டாக்டர்கிட்டயே போகலாமா?"

"போகலாம்."

"பாத்தீங்களா, நான் சொன்னேனே! அவன் அப்படி விட்டுட மாட்டான் அண்ணி. அன்னிக்கு அவன் பேசினதுல பாதி எனக்குப் புரியவே இல்லை. நம்ம பையன்னு போட்டேன் கையெழுத்து." கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப உங்களுக்கும் மாத்திடுவான்ல? எனக்கு அதுதான் கவலை. எனக்கு வால்வு, நாளைக்கு உங்களுக்கு என்னன்னு யார் கண்டா? நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே கதியாச்சேன்னு ராத்திரியெல்லாம் நெனச்சுக்கிட்டேன்."

வெர்லீன் தலையை ஆட்டினாள். ஆம் என்றுதான் ஆட்டினாள். பச்சை விளக்கு விழுந்ததை அவள் கவனிக்கவில்லை; பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை அவள் நிறைய ஏசியிருக்கிறாள்.

"மத்தவங்களுக்கும் மாத்துவானா?" என்றாள் ஆர்னெட்டா.

"அதை இப்ப யார்கிட்டயும் சொல்லாதே. அவனுக்குச் சிக்கல் வரும்."

"ஓ" என்றாள் ஆர்னெட்டா. கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி, "ஓ, அப்படியா" என்றாள். அதற்கப்புறம் சபை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

திருவிருந்துக்கு முன்னால் அறிவிப்புகள். பின்சுவரை ஒட்டிய உயரமான முக்காலியில் காமெரா சிவப்புப் பொட்டுடன் நின்றது. அதன் கீழே கடைசி வரிசையில் டெக்ஸ்டர்.

"கடைசியா முக்கியமான அறிவிப்பு" என்றார் போதகர், வயிற்றைத் தடவிக்கொண்டு. "சமையல் குழுத் தலைவி சிஸ்டர் வெர்லீன், இன்னிக்கு என்ன?"

மாதாமாதம் அவள் எழுந்து நின்று சாப்பாட்டு வகைகளைச் சொல்வாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஆமென்' விழும். எழுந்தாள். முன்வரிசை இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் கோழி இல்லை."

"ஐயையோ!" என்றது பாடற்குழு. டீக்கன் ஹோசேயா டட்வைலர், தன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுவதுபோலப் பாவனை காட்டினார். "அப்ப நான் மெதடிஸ்ட் சபைக்குக் கிளம்பறேன்!"

சபை முழுக்கச் சிரித்தது. வெர்லீன் சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள்.

"போன வருஷம் ஒரு புதன்கிழமை சாயங்காலம், நான் கீழ கோழி பொரிச்சுப் போட்டேன். ஞாபகம் இருக்கா?"

"ஆமென்! மாக்கரோனியும் இருந்துச்சு!"

"அது சபை விருந்து இல்லை. என் பையன் திட்டம் விக்கறதுக்குக் கூட்டம் வரணும்னு போட்டது. அவன் போடக்கூடாதுன்னு விதி இருந்துச்சு, அதனால நான் போட்டேன். அவன் கேக்கல. நானேதான் போட்டேன். சாப்பிட்ட தட்டோட உக்காந்திருக்கறவங்க வேண்டாம்னு எழுந்து போக மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

சிரிப்பு எங்கெங்கோ ஒட்டிக்கொண்டிருந்து உதிர்ந்தது. ஹோசேயாதான் பேசினார், நல்ல மனசோடு.

"அதனால என்ன வெர்லீன்? கோழி நல்லாத்தானே இருந்துச்சு!"

அவர் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

"கேளுங்க. அந்தத் திட்டம் வேண்டாம்னா இந்த மாசம் முடியறதுக்குள்ள பழைய துணைப் பாலிசிக்கே திரும்பிடலாம். நோய் பத்திக் கேக்க மாட்டாங்க. மாசம் தாண்டினா கேப்பாங்க, நோயிருந்தா சேத்துக்க மாட்டாங்க. தள்ளிப் போடாதீங்க. அண்ணே, முக்கியமா நீங்க."

ஹோசேயாவின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது.

இதோடு உட்கார்ந்துவிட்டிருக்கலாம். சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மகனுக்காகத் தப்பு செய்த தாய் என்று ஊர் பாதி மன்னித்தும்விடும். ஆனால் இரண்டு வரிசை முன்னால் ஆர்னெட்டாவின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அது திரும்பவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். "நான் மாறல."

புரியாமல் சிலர் பார்த்தார்கள்.

"எனக்குத் தபால் ஆபீஸ் காப்பீடு இருக்கு. அன்னிக்கும் இருந்துச்சு, இன்னிக்கும் இருக்கு. ரொம்ப நல்ல திட்டம், சேருங்க சேருங்கன்னு பரிமாறிக்கிட்டே உங்ககிட்ட சொன்னேன். நான் சேரல. நீ சேந்துட்டியான்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா, சேந்துட்டேன்னு சொல்லியிருப்பேன்."

யாராவது தும்மினால்கூட 'ஆமென்' சொல்கிற சபை அது. ஒரு ஆமென் விழவில்லை. பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்கு யாரென்று தெரிந்தது. இன்றோடு மகனும் போனான் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

பக்கத்திலிருந்தவள் சற்றே நகர்ந்து உட்கார்ந்தாள். இடம் விடத்தான் நகர்ந்தாளோ என்னவோ.

திருவிருந்தின் அப்பத் தட்டு வரிசையாக வந்தது. வெர்லீன் எடுக்கவில்லை. அடுத்தவளிடம் நகர்த்தினாள். திராட்சை ரசத் தட்டும் வந்தது. அதையும் நகர்த்தினாள். வெள்ளை உடுப்பில் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் விட்டவள் அந்த வரிசையில் அவள் ஒருத்திதான்.

*

சாப்பாடு இல்லை என்று தெரிந்தும் பழக்கதோஷத்தில் எல்லோரும் கீழ்த்தளத்துக்கே இறங்கினார்கள். வெர்லீன் கடைசியாகப் போனாள். சமையலறை வழியாக நழுவிக் காருக்குப் போய்விடலாம் என்று எண்ணம்.

கூடத்தில் எல்லோரும் சுவரை ஒட்டி நின்றார்கள். நடுவில் மடக்கு மேசை ஒன்று விரித்துக் கிடந்தது. போன வருடம் போட்ட அதே இடம். பின்னால் டெக்ஸ்டர் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் டை இல்லை. எதிரே ஒரு காலி நாற்காலி.

"மெடிகேர் உதவி எண்ணைப் போட்டுத் தரேன்" என்றான் யாரையும் பார்க்காமல். "ஞாயித்துக்கிழமையும் எடுப்பாங்க. நீங்களே பேசுங்க. எனக்கு இதுல கமிஷன் எதுவும் வராது."

ஒருவரும் நகரவில்லை.

"திருடன் கையிலேயே சாவியா?" என்றது சுவர்ப்பக்கமிருந்து ஒரு பெண் குரல். டெக்ஸ்டரின் கழுத்து சிவந்ததை வெர்லீன் பார்த்தாள். இதே ஆட்கள் நடுவில் அவன் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்றுதானே அத்தனை கோழியும் பொரித்தாள்!

படிக்கட்டில் தடி தட்டும் சத்தம் கேட்டது. ஆர்னெட்டா ஒவ்வொரு படியாக, நின்று நின்று மூச்சு வாங்கி, இறங்கிக்கொண்டிருந்தாள். வெர்லீன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். ஆர்னெட்டா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"நானே வருவேன் அண்ணி."

"ஆர்னெட்டா..."

"கார்ல கேட்டேனே. தலையை ஆட்டினீங்களே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மூச்சு இல்லாததால் மெதுவாகத்தான் வந்தது. "நேத்து ராத்திரி உங்களுக்காக ஜெபம்கூடப் பண்ணினேன். எனக்குப் பண்ணிக்கல, உங்களுக்கு."

வெர்லீன் சமையலறை வாசல்வரை பின்வாங்கினாள். அங்கேயே நின்றாள்.

ஆர்னெட்டா கூடத்தைக் கடந்துபோய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். தடியை மேசையில் சாய்த்தாள். கையுறைகளைக் கழற்றினாள்.

"போடுடா நம்பரை."

"அத்தை, நான்..."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல நம்பரைப் போடு."

அவன் போனை எடுப்பதற்குள் அது மேசைமேல் தானாகவே அதிர்ந்தது. திரையில் 'மேனேஜர்' என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிடாத மனிதர். நேரலை பார்த்த மாமியார் தன் வேலையைச் செய்துவிட்டாள். அது நிற்கும்வரை டெக்ஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தான். நின்று, மறுபடி அதிர்ந்தது.

"எடுக்கணுமா?" என்றாள் ஆர்னெட்டா.

அவன் அழைப்பைத் துண்டித்தான். உதவி எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தி, போனை அத்தையின் கையில் கொடுத்தான். அந்தப் பக்கம் காத்திருப்பு இசை ஒலிக்க ஆரம்பித்தது. டீக்கன் ஹோசேயா சுவரோரமிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, ஆர்னெட்டாவுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் டெக்ஸ்டர் நிமிர்ந்து சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தான். காலையில் ஜன்னலைப் பார்த்தவன், இப்போது நேராக அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கண்ணில் அவள் எதிர்பார்த்த கோபம் இல்லை. அவள் என்ன சொல்வாள் என்று கேட்டுக்கொண்டிருந்த பார்வை அது.

சபை முழுவதற்கும் சொல்ல அவளுக்கு வார்த்தை இருந்தது. அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வெர்லீன்தான் முதலில் தலை குனிந்தாள்.